இயற்கை விவசாயமும் வழக்கமான விவசாயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயற்கை விவசாயம் என்றால் உரமும் மருந்தும் போடாமல் விளைவிப்பதுதானே?

இல்லை. உரம் போடுவார்கள், தேவைப்பட்டால் மருந்தும் அடிப்பார்கள். எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்பதில்தான் வித்தியாசம். ஆலையில் தயாராகும் யூரியா, டிஏபி, செயற்கைப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, மரபணு மாற்று விதை இவற்றுக்கெல்லாம் அனுமதி கிடையாது. தொழு உரம், மட்கு உரம், பசுந்தாள் உரம், பிண்ணாக்கு, அரைத்த பாறை பாஸ்பேட், கந்தகம், தாவரங்களிலிருந்தும் நுண்ணுயிர்களிலிருந்தும் எடுக்கும் சில மருந்துகள் இவற்றுக்கு உண்டு.

ஆனால் இந்தப் பட்டியலை மட்டும் பிடித்துக்கொண்டு, யூரியா மூட்டைக்குப் பதிலாக வேறொரு மூட்டையை வாங்கிக் கொட்டுகிறவர், விதிப்படி இயற்கை விவசாயிதான் என்றாலும், விஷயத்தில் பாதியைத் தவறவிடுகிறார். பயிரை மாற்றி மாற்றிப் போடுவது, நிலத்தை வெறுமனே காயவிடாமல் மூடாக்குப் போடுவது, கால்நடையையும் பயிரையும் சேர்த்து நடத்துவது, மண்ணுக்குள் இருக்கும் உயிர்களுக்குத் தீனி கொடுப்பது, இவைதான் அந்த முறையின் உயிர்நாடி. ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் இந்தியாவில் வேலை பார்த்தபோது, 1920களில் இந்தூரில் மட்கு உரம் தயாரிக்கும் ஒரு முறையை ஒழுங்குபடுத்தினார். சுற்றியிருந்த விவசாயிகளிடமிருந்து நிறையக் கற்றதாக அவரே சொல்லியிருக்கிறார். இன்று உலகம் முழுக்க இருக்கும் இயற்கை விவசாயச் சிந்தனைக்கு அவருடைய வேலை ஒரு முக்கியமான வேர்.

வழக்கமான விவசாயம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

அதற்கு ஒரே முகம் கிடையாது, ஒப்பிடும்போது பலர் மறந்துவிடுவது இதைத்தான். மண் பரிசோதனை செய்து, தேவையான அளவு உரத்தை மூன்று நான்கு தடவையாகப் பிரித்துப் போட்டு, பூச்சி எண்ணிக்கை ஒரு அளவைத் தாண்டினால் மட்டும் மருந்து அடிக்கிறவரும் வழக்கமான விவசாயிதான். பக்கத்து வயலில் அடித்துவிட்டார்கள் என்பதற்காகக் கலந்து கட்டி அடிக்கிறவரும் அதே பெயரில்தான் வருகிறார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் தூரம், நல்ல வழக்கமான விவசாயிக்கும் நல்ல இயற்கை விவசாயிக்கும் இருக்கும் தூரத்தைவிடப் பெரியது என்பது என் உறுதியான எண்ணம். கீழே வரும் பதில்களைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

செடிக்கு யூரியாவும் சாணமும் ஒன்றா, வேறா?

இதற்குப் பதில் தெரிந்தால் மற்ற கேள்விகளில் பாதி தானாகத் தெளிந்துவிடும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

செடியின் வேர் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பெரும்பாலும் நைட்ரேட்டாகவோ அம்மோனியமாகவோதான் உறிஞ்சுகிறது. அது மூட்டையிலிருந்து வந்ததா, எருக்குழியிலிருந்து வந்ததா என்று வேருக்குத் தெரியாது. வித்தியாசம் வேகத்திலும், கூடவே என்ன வருகிறது என்பதிலும் இருக்கிறது. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. ஈரமான மண்ணில் விழுந்தால் சில நாட்களிலேயே பயிருக்குக் கிடைக்கும் வடிவத்துக்கு மாறிவிடும். தொழு உரத்தில் சுமார் அரை சதவீதம்தான், அதுவும் நுண்ணுயிர்கள் தின்று செரித்த பிறகுதான் வெளியே வரும். ஒரு ஹெக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து வேண்டுமென்று வையுங்கள். யூரியா என்றால் சுமார் 217 கிலோ, நாலைந்து மூட்டை, ஒரு ஆள் ஒரு காலையில் வீசிவிடலாம். தொழு உரம் என்றால் 20 டன் வேண்டும், அதில் ஒரு பகுதிதான் முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைக்கும், மீதி அடுத்தடுத்த ஆண்டுகளில் மெல்ல மெல்ல வரும். ஆனால் அந்த 20 டன்னோடு மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), நுண்ணூட்டங்கள், மண்ணைப் பொலபொலப்பாக்கும் கரிமப் பொருள் (மட்கிய செடி, சாணக் கழிவு) எல்லாம் சேர்ந்து வரும். யூரியாவோடு அப்படி எதுவும் வராது.

சரி, அந்த 20 டன் எங்கிருந்து வருகிறது? மாடு தழைச்சத்தை உண்டாக்குவதில்லை. அது தின்ற தீனியில் இருந்ததைத்தான் சாணமாகவும் மூத்திரமாகவும் திருப்பித் தருகிறது. அந்தத் தீனி வேறொரு நிலத்தில் வளர்ந்தது, பல சமயம் யூரியா போட்டே வளர்ந்தது. ஆக, சாணம் ஒரு நிலத்தின் சத்தை இன்னொரு நிலத்துக்குக் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். காற்றில் கொட்டிக் கிடக்கும் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குப் புதிதாகக் கொண்டுவர, பெரிய அளவில் இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சில் வாழும் ரைசோபியம் போன்ற பாக்டீரியாக்கள். இன்னொன்று ஆலை. 1909இல் ஃபிரிட்ஸ் ஹாபர் அம்மோனியாவை ஆய்வகத்தில் செய்து காட்டினார், 1913இல் கார்ல் போஷ் அதை ஜெர்மனியின் ஓப்பாவ் ஆலையில் பெரிய அளவில் ஓட்டினார். இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் உணவு அந்த வழியில் வந்த நைட்ரஜனைச் சார்ந்திருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்த இரண்டில் எது மேல் என்று யாராவது கேட்டால் என் மனம் வேர்முடிச்சின் பக்கம்தான் சாயும். அதற்கு இயற்கை எரிவாயு வேண்டாம், மண்ணுக்கு உறுத்தாது. ஆனால் அது இடம் கேட்கிறது, காலம் கேட்கிறது. பசுந்தாள் பயிர் நிலத்தில் நிற்கும் மாதங்களில் விற்கக்கூடிய பயிர் அங்கே நிற்க முடியாது. இயற்கை விவசாயத்தைப் பற்றிப் பேசும் யாரும் இந்தக் கணக்கைத் தாண்டிப் போகக்கூடாது.

ரசாயன உரம் மண்ணைக் கொன்றுவிடும் என்கிறார்களே, உண்மையா?

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் பிராட்பாக் என்று ஒரு வயல் இருக்கிறது. 1843இல் தொடங்கிய கோதுமைச் சோதனை அங்கே இன்னும் நடக்கிறது. ஒரு துண்டு நிலத்துக்கு எதுவுமே போடுவதில்லை, ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழு உரம், இன்னும் சிலவற்றுக்கு வெவ்வேறு அளவில் ஆலை உரங்கள். நூறு ஆண்டுக்கும் மேலாக, தொழு உரம் போட்ட நிலமும் ஆலை உரம் சரியான அளவில் போட்ட நிலமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் விளைந்தன. எதுவும் போடாத நிலம் ஹெக்டேருக்கு ஒரு டன்னை ஒட்டியே நின்றது. ஆகவே, உரம் போட்டால் மண் செத்து மலடாகிவிடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது தவறு.

ஆனால் அதே வயலில் இன்னொன்றும் தெரிந்தது. தொழு உரம் விழுந்த துண்டில் மண்ணின் கரிமச் சத்து, எதுவும் போடாத துண்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. ஆலை உரம் போட்ட துண்டில் கொஞ்சம்தான் கூடியது. கரிமம் கூடிய மண் தண்ணீரைப் பிடித்து வைக்கும், மழையில் அவ்வளவு சீக்கிரம் கரைந்து ஓடாது, உழவும் லேசாக இருக்கும். மண் கெட்டுப்போவதில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது: உரம் கைக்கு எளிதாகக் கிடைத்ததும் எரு போடுவதை விட்டுவிட்டார்கள், பயிர்க்கழிவை எரித்தார்கள், ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அம்மோனியம் சார்ந்த உரங்களைச் சுண்ணாம்பு இல்லாமல் பல ஆண்டு போட்டால் அமிலத்தன்மை கூடி மண் புளிக்கும் என்பதும் உண்மை. உரமும் எருவும் சேர்த்துப் போடும் விவசாயியின் மண் நன்றாகவே இருக்கும், அதற்கு இயற்கை விவசாய முத்திரை எதுவும் கிடைக்காது என்றாலும்.

இயற்கை முறையில் மகசூல் குறையுமா?

சராசரியாகக் குறையும். நூற்றுக்கணக்கான ஒப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகள் 2012லும் 2015லும் வந்தன, அவை சொல்லும் இடைவெளி 19 முதல் 25 சதவீதம் வரை. சராசரிக்கு உள்ளே நிறைய ஏற்ற இறக்கம் உண்டு. பழ மரங்களிலும் பயறு வகைகளிலும் இடைவெளி சிறியது. தானியத்திலும் காய்கறியிலும் பெரியது, ஏனென்றால் அவை குறுகிய காலத்தில் நிறையத் தழைச்சத்தைக் கேட்பவை, எரு அந்த வேகத்துக்கு ஈடு கொடுப்பதில்லை. பயிர் சுழற்சியும் கலப்புப் பயிரும் நன்றாகச் செய்தால் இடைவெளி 8, 9 சதவீதம் வரை சுருங்குகிறது என்பது 2015 ஆய்வு சொன்ன நல்ல செய்தி.

சுவிட்சர்லாந்தில் 1978 முதல் நடக்கும் ஒரு நீண்ட காலச் சோதனையில் இயற்கை முறை நிலம் சுமார் 20 சதவீதம் குறைவாக விளைந்தது. ஆனால் அங்கே போட்ட உரச்சத்து மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைவு, பூச்சிமருந்து 97 சதவீதம் குறைவு. ஒரு கிலோ உள்ளே போட்டு எவ்வளவு வெளியே எடுத்தோம் என்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி தெரிகிறது. வறட்சி ஆண்டுகளில் கரிமம் மிகுந்த மண் கைகொடுப்பதை அமெரிக்காவில் 1981 முதல் நடக்கும் இன்னொரு சோதனையும் காட்டியிருக்கிறது.

உலகம் முழுவதும் இயற்கை விவசாயத்துக்கு மாறினால் எல்லோருக்கும் உணவு கிடைக்குமா?

இன்றைய உணவுப் பழக்கமும் வீணடிப்பும் அப்படியே இருந்தால், கூடுதல் நிலம் இல்லாமல் முடியாது. கூடுதல் நிலம் என்றால் காட்டை அழிப்பது. விளைவதில் கணிசமான பங்கைக் கால்நடைத் தீவனமாக்குவதைக் குறைத்து, வீணாகும் உணவையும் குறைத்தால் நிலைமை மாறும். ஆனால் அதை உத்தரவு போட்டு ஒரே நாளில் கொண்டுவர முடியாது.

ஒரே நாளில் செய்யப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 2021இல் இலங்கையில் நடந்தது சாட்சி. அந்நியச் செலாவணி நெருக்கடி தலைக்கு மேல் இருந்த நேரத்தில், ரசாயன உரம், பூச்சிமருந்து இறக்குமதிக்குத் திடீரென்று தடை போட்டார்கள். நாடு முழுக்கத் தேவைப்படும் எருவும் இல்லை, பழகிக்கொள்ள நேரமும் இல்லை. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலையும் அடிவாங்கியது, அரிசியை இறக்குமதி செய்ய வேண்டி வந்தது, சில மாதங்களிலேயே தடையைத் தளர்த்தினார்கள். பழி இயற்கை விவசாயத்தின் தலையில் விழுந்தது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் மண்ணில் கரிமத்தைக் கூட்டப் பல பருவங்கள் ஆகும் என்பது அந்த முறையைத் தெரிந்த எந்த விவசாயியும் முதல் நாளே சொல்லியிருக்கக்கூடிய விஷயம்.

இயற்கை விவசாயத்தில் அடிக்கும் மருந்துகள் பாதுகாப்பானவையா?

பல பாதுகாப்பானவை, சில அப்படியில்லை. வேப்பெண்ணெய், பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவைக் கொண்டு செய்யும் புழுமருந்து போன்றவை வெயிலிலும் மண்ணிலும் சீக்கிரம் சிதைந்துவிடும். ஆனால் மயில்துத்தமும் (செம்பு உப்பு) சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை எடுத்துக்கொள்ளுங்கள். 1880களில் பிரான்சில் திராட்சைக் கொடிகளின் அடிச்சாம்பல் நோய்க்காக வந்தது, இன்றும் இயற்கை விவசாயத்தில் அனுமதி உண்டு. செம்பு ஓர் உலோகம், சிதையாது. ஆண்டுக்கு ஆண்டு மண்ணில் சேர்ந்துகொண்டே போகும், மண்புழுவுக்கு ஆகாது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 7 ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் செம்பு போகக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. பைரெத்ரின் என்ற பூச்சிமருந்து செவ்வந்தி இனப் பூவிலிருந்து வருவதுதான், ஆனாலும் தேனீயையும் மீனையும் கொல்லும். எங்கிருந்து வந்தது என்பதை வைத்து விஷத்தை எடைபோட முடியாது. எவ்வளவு, எத்தனை நாள் நிற்கும், எதைக் கொல்லும் என்று பார்க்க வேண்டும்.

சாப்பிடும் உணவில் இருக்கும் பூச்சிமருந்து எச்சத்துக்குப் பயப்பட வேண்டுமா?

கண்காணிப்பு ஒழுங்காக நடக்கும் இடங்களில் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. ஐரோப்பாவில் ஆண்டுதோறும் எடுக்கும் மாதிரிகளில் 100க்கு 95க்கு மேல் சட்ட வரம்புக்குள்தான் இருக்கின்றன. தினமும் உடலுக்குள் போனாலும் பரவாயில்லை என்று வைக்கும் அளவு, விலங்குகளில் எந்தப் பாதிப்பும் தெரியாத அளவில் பொதுவாக நூறில் ஒரு பங்கு. கண்காணிப்பு இல்லாத இடங்களில் இந்த ஆறுதலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இயற்கை உணவில் எச்சம் குறைவு என்பதில் சந்தேகமில்லை. 343 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்வின்படி, வழக்கமான விளைபொருளில் எச்சம் தென்படும் வாய்ப்பு நான்கு மடங்கு. அமெரிக்காவில் சியாட்டில் பகுதியில் 23 குழந்தைகளுக்குச் சில நாட்கள் இயற்கை உணவு மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, சிறுநீரில் இருந்த ஆர்கனோபாஸ்பேட் என்ற பூச்சிமருந்து வகையின் தடயங்கள் உடனே ஏறக்குறைய மறைந்துவிட்டன. அந்த அளவு தடயம் உடம்பைக் கெடுக்கிறதா என்பது வேறு கேள்வி, அதை இந்த ஆய்வு சோதிக்கவில்லை. ஆனாலும் கர்ப்பிணிகளும் சிறு குழந்தை இருக்கும் வீட்டாரும் எச்சத்தைக் குறைத்துக்கொள்ள நினைத்தால் அதைத் தேவையில்லாத பயம் என்று நான் சொல்லமாட்டேன். குளோர்பைரிபாஸ் என்ற மருந்து பல பத்தாண்டுகள் தாராளமாகப் புழங்கியது, பிறகு குழந்தைகளின் மூளை வளர்ச்சி பற்றிய கவலை பெருத்து 2020இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை நிறுத்தியது. அனுமதி இருந்த காலமெல்லாம் அதுவும் பாதுகாப்பானது என்றுதான் சொல்லப்பட்டது.

அப்படியென்றால் பூச்சிமருந்து பற்றிய கூச்சல் மிகையா?

மிகை இல்லை, ஆனால் தப்பான ஆளைப் பற்றிக் கவலைப்படுகிறோம். உணவு மேசையில் உட்கார்ந்திருப்பவரைவிட முதுகில் தெளிப்பானைச் சுமந்துகொண்டு வயலில் நடப்பவருக்குத்தான் பல மடங்கு ஆபத்து. வெறும் கையால் கலக்குகிறார், காற்றடிக்கும் திசையில் நடக்கிறார், கையுறையும் முகக்கவசமும் அந்த வெயிலில் அரை மணி நேரம்கூடத் தாங்காது. புட்டியில் இருக்கும் எச்சரிக்கை அவருக்குத் தெரியாத மொழியில் இருக்கலாம். அதே சட்டையோடு வீட்டுக்குப் போகிறார், குழந்தை ஓடிவந்து கட்டிக்கொள்கிறது. களைக்கொல்லியான பாராகுவாட்டுக்கு மாற்றுமருந்தே கிடையாது, கொஞ்சம் உள்ளே போனாலே உயிர் போகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் தடை. தன் நாட்டில் தடைசெய்துவிட்டு மற்ற நாடுகளுக்குத் தயாரித்து அனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இங்கேயும் இலங்கையிடமிருந்து ஒரு பாடம் உண்டு, 2021க்கு நேர் எதிரான பாடம். 1990களின் நடுவிலிருந்து மிகக் கொடிய பூச்சிமருந்துகளை மட்டும் பொறுக்கி எடுத்து ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த நாட்டின் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது, அதற்கு இந்தத் தடைகளே முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். விளைச்சல் அதனால் சரியவில்லை. இந்தோனேசியாவிலும் இப்படித்தான். புகையான் என்ற நெற்பூச்சி, மருந்து அடிக்க அடிக்கப் பெருகியது, ஏனென்றால் மருந்து அதைத் தின்னும் சிலந்திகளையும் வண்டுகளையும் முதலில் கொன்றுவிட்டது. 1986இல் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக்கூடாது என்று அரசு தடைசெய்து, விவசாயிகளுக்கு வயலில் இறங்கி நன்மை செய்யும் பூச்சி எது, கெடுக்கும் பூச்சி எது என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தது. நெல் உற்பத்தி விழவில்லை. அந்த விவசாயிகள் யாரும் இயற்கை விவசாயச் சான்று வாங்கியவர்கள் கிடையாது.

இயற்கை உணவில் சத்து அதிகமா? ருசி?

சத்து விஷயத்தில் வித்தியாசம் சின்னது. 2012இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் தொகுத்த ஆய்வு, வைட்டமின்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்றது. மேலே சொன்ன 2014 ஆய்வு, ஆன்டிஆக்ஸிடன்ட் எனப்படும் பொருட்கள் கூடுதல், காட்மியம் என்ற கெட்ட உலோகம் பாதியளவு குறைவு என்றது. பாஸ்பேட் உரங்கள் வழியாகக் காட்மியம் மண்ணில் சேரும் என்பதால் அது நம்பக்கூடியதே. புல்லை மேயும் மாட்டின் பாலில் ஒமேகா-3 கூடுதல், ஆனால் அது மேய்ச்சலால் வருவது, சான்று இல்லாமல் மேயும் மாட்டுக்கும் அதே பலன்தான்.

ருசி ரகத்தையும் எப்போது பறித்தார்கள் என்பதையும் பொறுத்தது. பழுத்தபின் பறித்து அன்றே சாப்பிட்டால் எந்த முறையில் விளைந்ததும் நன்றாகத்தான் இருக்கும்.

சுற்றுச்சூழலுக்கு எது நல்லது?

ஒரு ஹெக்டேரை வைத்துப் பார்த்தால் இயற்கை விவசாயம்தான். பறவை, வண்ணத்துப்பூச்சி, தேனீ, களைச்செடி எல்லாம் சேர்த்து அந்த நிலங்களில் இன வகைகள் சராசரியாக 30 சதவீதம் கூடுதல். தேனீக்களுக்குக் கேடு என்று மூன்று நியோனிகோடினாய்டு மருந்துகளை 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் திறந்த வயலில் நிறுத்தியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஒரு டன் விளைச்சலை வைத்துப் பார்த்தால் கணக்கு மாறுகிறது: ஆற்றல் செலவு இயற்கை முறையில் குறைவு, பசுமை இல்ல வாயு ஏறக்குறைய சமம், நிலம் அதிகம் வேண்டும், நீர்நிலைக்கு ஓடும் சத்தும் சில சமயம் அதிகம். எருவும் தப்பான நேரத்தில் போட்டால் நைட்ரேட்டாக நிலத்தடி நீருக்குப் போகும்.

உலகம் முழுக்கப் போடும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதியைப் பயிர் எடுத்துக்கொள்வதே இல்லை. மீதி தண்ணீரில் கரைகிறது, காற்றில் போகிறது. அதில் நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும் பகுதி, கரியமில வாயுவைவிட 270 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது. எந்த முறையாக இருந்தாலும் முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை அதுதான்.

உழவையும் சொல்ல வேண்டும். களைக்கொல்லி இல்லாததால் இயற்கை விவசாயி களையை உழுதும் கொத்தியும் அழிக்கிறார், அடிக்கடி உழுதால் மண் அரிக்கும். உழாமல் விதைக்கும் வழக்கமான விவசாயி மண்ணைக் காக்கிறார், ஆனால் பெரும்பாலும் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியின் உதவியோடு. இரண்டும் இல்லாமல், கனமான மூடாக்கு வைத்துக் களையை அடக்கும் முயற்சிகள் நடக்கின்றன. எனக்கு அதிக நம்பிக்கை தருவது அதுதான்.

மரபணு மாற்றுப் பயிர் ஏன் கூடாது?

அது விதி. மேலே சொன்ன பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியாவை இயற்கை விவசாயி தெளிக்கலாம், ஆனால் அதன் மரபணுவைப் பயிருக்குள் வைத்த விதையை நடக்கூடாது. விதை நிறுவனங்களின் பிடியைப் பற்றிய கவலையும் இதற்குள் இருக்கிறது, அது நியாயமான கவலை. சாப்பிடும் பாதுகாப்பை வைத்து மட்டும் பார்த்தால் இந்தத் தடைக்கு வலுவான ஆதாரம் இல்லை.

முத்திரையை நம்பலாமா?

முத்திரை என்பது விளைந்த முறைக்கான சான்று. பொருளைச் சோதனைச் சாலையில் வைத்துச் சொன்ன முடிவு அது இல்லை. ஆய்வாளர் ஆண்டுக்கு ஒரு தடவை வந்து பதிவேடு, கொள்முதல் ரசீது, கிடங்கு, எல்லை வரப்பு எல்லாம் பார்ப்பார், சில சமயம் மாதிரி எடுப்பார். அமெரிக்க விதியில், தடைசெய்த எதையும் போட்டு 36 மாதம் ஆன பிறகு அறுவடை செய்வதைத்தான் இயற்கை விளைபொருள் என்று விற்கலாம். பொதிந்த உணவில் அந்தப் பெயர் வர 95 சதவீதப் பொருட்கள் அப்படி விளைந்திருக்க வேண்டும். ஏமாற்றுவதும் நடக்கிறது, முக்கியமாகத் தானியம் பல கை மாறி எல்லை தாண்டும்போது.

சான்று வாங்கக் கட்டணமும் காகித வேலையும் நிறைய, சிறு விவசாயியால் முடியாது. அதற்காகவே விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து உறுதி சொல்லும் பங்கேற்புச் சான்று முறை பல நாடுகளில் இருக்கிறது. விளைவிப்பவரை நேரில் தெரிந்தால், எதைப் போட்டீர்கள், போன பருவம் இந்த நிலத்தில் என்ன இருந்தது என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்கிறவரை நான் நம்புவேன். ‘இயற்கையானது’, ‘தூய்மையானது’ என்று மட்டும் அச்சடித்திருந்தால் பெரும்பாலும் அதற்குப் பின்னால் எந்தச் சோதனையும் கிடையாது.

ஏன் இவ்வளவு விலை?

மகசூல் குறைவு, களையெடுக்க ஆள் அதிகம், சான்றுச் செலவு, சிறிய அளவில் தனியாகச் சேமித்து ஏற்றிச் செல்லும் செலவு. கடைக்காரர் கூடுதல் லாபம் வைப்பதும் உண்டு. இன்னொரு பக்கமும் இருக்கிறது: நைட்ரேட் கலந்த குடிநீரைச் சுத்தம் செய்யும் செலவும், மருந்து தெளித்து நோயில் விழுந்தவரின் வைத்தியச் செலவும் மலிவான உணவின் விலையில் சேர்வதில்லை, வேறு யாரோ கட்டுகிறார்கள்.

சாணம் போட்டு விளைவித்த காயில் கிருமி இருக்காதா?

சரியாக மட்காத சாணம் போட்டால் இருக்கலாம். அதனால் பச்சைச் சாணம் போட்ட நிலத்தில், மண்ணைத் தொடும் விளைபொருள் என்றால் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை விவசாய விதி. மட்கு உரம் என்றால் குவியல் 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறி நிற்க வேண்டும். வழக்கமான விவசாயிகளும் சாணம் போடுகிறார்கள் என்பதால் இது எல்லோருக்கும் பொதுவான எச்சரிக்கை.

மாற நினைக்கும் விவசாயி எங்கே தொடங்குவது?

முழு நிலத்தையும் ஒரே பருவத்தில் மாற்ற வேண்டாம். ஒரு துண்டில் தொடங்குங்கள், முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள்தான் கஷ்டம்: மகசூல் குறையும், மண்ணின் உயிர்கள் இன்னும் கூடியிருக்காது, சான்றும் வராததால் கூடுதல் விலையும் கிடைக்காது. பலர் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பூச்சிமருந்தைக் குறைப்பதிலிருந்து தொடங்குங்கள், அதில் செலவும் மிச்சம், உடம்புக்கும் நல்லது. அப்புறம் சுழற்சியில் ஒரு பயறு வகையைச் சேருங்கள். ஆலை உரத்தை, மண்ணின் கரிமம் ஏற ஏற, படிப்படியாகக் குறையுங்கள். இடையில் எங்காவது நின்றுவிட்டாலும் பாதி மருந்தையும் மூன்றில் ஒரு பங்கு உரத்தையும் குறைத்திருப்பீர்கள், அது சின்ன விஷயம் இல்லை.

எல்லாவற்றையும் இயற்கையாக வாங்க எனக்கு வசதி இல்லை. என்ன செய்வது?

அதற்காகக் காயும் பழமும் சாப்பிடுவதைக் குறைக்காதீர்கள், அதனால் வரும் கெடுதல் எச்சத்தால் வருவதைவிட நிச்சயமாகப் பெரியது. கொஞ்சம் வாங்க முடியுமென்றால், தோலோடு சாப்பிடும் மெல்லிய தோல் பழங்களுக்கும் கீரைகளுக்கும் முதலிடம் கொடுங்கள். தடித்த தோலை உரித்து எறியும் பழங்களுக்கு அவசியம் குறைவு. எதை வாங்கினாலும் ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். சமையல் சோடா கலந்த தண்ணீரில் ஆப்பிளைக் கால் மணி நேரம் ஊறவைத்தபோது தோலின் மேல் இருந்த இரண்டு மருந்துகள் நன்றாகப் போனதாக 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் சதைக்குள் ஊடுருவிய மருந்து எந்தக் கழுவலிலும் போகாது, தோலைச் சீவினால் கொஞ்சம் குறையும். கீரையின் வெளி இலைகளை எடுத்துவிட்டு மற்றதைப் பிரித்துக் கழுவுங்கள்.